ஜெயசிங் சம்மதிக்கவில்லை

அவன் வெளிய போயிருக்கான் பிள்ளே. வர நேரமாகும். நீ யாரு, எங்கருந்து வாற?

பெருந்துறையா. அம்மாடி, அம்புட்டு தூரத்துலருந்தா வந்திருக்க. உள்ள வா. செருப்பு அங்கேயே கிடக்கட்டும், இங்க எவனும் தூக்கிட்டுப் போகமாட்டான். அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடுது, இதுல உக்காரு. ஃபேனைப் போடுதேன். பாளையங்கோட்டை வெயில் உங்க ஊரு வெயில் மாதிரி கிடையாது, ஆளைப் பொசுக்கிப்போடும்.

நித்திலாவா. நல்ல பேரு. சரி நித்திலா, ஜெயசிங்கை எதுக்குத் தேடி வந்த? அவன் வேலைபாத்த பாலிடெக்னிக்கா? இல்லியே, அங்க உள்ளவங்க அவனைக் கேட்டு வரமாட்டாங்களே.

என்னது. அந்த சாப்ட்வேரோட புது வெர்சன்ல தமிழ்ப் பகுதியை எழுதினது நீயா? நீதானா அது?

சரியாப் போச்சு. உன்னை நான் என்ன ஏச்சு ஏசியிருக்கேன் தெரியுமா. மூஞ்சி தெரியாததால நானே ஒரு மூஞ்சி வச்சிருந்தேன். வழுக்கைத் தலை, தொந்தி, பெங்களூர்ல பெரிய வேலை, திமிரு புடிச்ச ஆளு. நேர்ல பாத்தா நீ ரெட்டை ஜடை போட்டா பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி இருக்க. இனிமே எனக்கு எப்படி வாய் வரும்.

கொஞ்சம் இரு. உன்கிட்டப் பொய் சொல்லிட்டேன். வாசல்ல யாரு வந்து கேட்டாலும் வெளிய போயிருக்கான்னுதான் வாயில வருது, பழக்கதோஷம். அவன் இல்ல பிள்ளே. இறந்துட்டான். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஐப்பசி மழையில காய்ச்சல்னு படுத்தான். சாதாரணக் காய்ச்சல்னுதான் நானும் கஞ்சி வச்சுக் குடுத்தேன். டெங்குன்னு தெரியதுக்குள்ள முத்திப்போச்சு. ஆஸ்பத்திரிக்கு நடந்து போனவன் வீட்டுக்கு நடந்து வரல. நாப்பது வயசுகூட ஆகல.

முழிக்காத. நீ என்ன நெனைக்கன்னு எனக்குத் தெரியும். சாப்ட்வேர் லைசென்ஸை மாத்தப்போறோம், சம்மதமான்னு அதை எழுதினவங்க எல்லாருக்கும் மெயில் வந்துச்சு. எல்லாரும் சரின்னாங்க. ஜெயசிங் மட்டும் சம்மதமில்லைன்னு பதில் போட்டான். அது போன வருஷம் சித்திரையில. ஐப்பசியில செத்தவன் அதுக்குப் பொறவு எப்படிப் பதில் போடுவான்னுதான முழிக்க? நான் போட்டேன். நான் அவன் அக்கா, லீலாபாய்.

தண்ணி குடி முதல்ல. குடிச்சிட்டுக் கேளு. ஒரு பக்கத்தை மட்டும் கேட்டுட்டு வந்திருக்க, இன்னொரு பக்கமும் கேக்கணும்லா.

எங்க வீட்டுல நாங்க ரெண்டே பேரு. அப்பா போனப்ப அவன் பால்குடி. அம்மை போனப்ப அவன் ஆறாங்கிளாஸ். எனக்கு இன்சூரன்ஸ் ஆபீஸ்ல வேலை கிடைச்சது, அதை வச்சு அவனைப் படிக்க வச்சேன். கல்யாணம் கில்யாணம்னு யாரும் வந்து எங்கிட்டப் பேசமுடியாது, பேசவும் விடமாட்டேன். அவனாவது பண்ணிக்கிடட்டும்னு நாலு இடத்துல பொண்ணு பாத்தேன். "பாக்கலாம்க்கா, பாக்கலாம்க்கா"ம்பான். கம்ப்யூட்டரைத்தான் பாத்துக்கிட்டு இருந்தான்.

உனக்குத் தெரியாத விஷயமில்ல, ஆனா நான் எப்படிப் புரிஞ்சு வச்சிருக்கேன்னு சொல்லுதேன், தப்பா இருந்தாத் திருத்து. ஒரு பெரிய சாப்ட்வேர். புஸ்தகம், ஆராய்ச்சிக் கட்டுரை, கணக்கு, சமன்பாடு எதைக் குடுத்தாலும் பக்கம் பக்கமாக் கோத்து அச்சுக்கு அழகா எடுத்துக் குடுக்கும். எந்த நாட்டுலயோ எவரோ ஆரம்பிச்சது. உலகம் பூராவும் ஆளுங்க அவங்கவங்க வீட்டுல இருந்துக்கிட்டே ஆளுக்கொரு துண்டு எழுதிச் சேக்குதாங்க. ஒருத்தருக்கும் சம்பளம் கிடையாது. அதுல தமிழ்த் துண்டு எங்க வீட்டுது. சரிதானா? சரி.

அவன் அதை எழுதினதே எங்க சபைப் பாட்டுப் புஸ்தகத்தாலதான். புதுசா அச்சடிச்சு வந்துச்சு. பாத்தா, வரி முடியிற இடத்துல கொம்பு மட்டும் அம்போன்னு நிக்கி, அதுக்குரிய எழுத்து அடுத்த வரியில கிடக்கு. ஆராதனையில ஜனங்க அந்த இடத்துக்கு வந்ததும் திக்குதாங்க. எங்க ஐயரு, பாஸ்டரைத்தான் சொல்லுதேன், இங்க நாங்க ஐயருன்னுதான் சொல்லுவோம், அவரே ஒரு தடவை பாடுதத நிறுத்திட்டுச் சிரிச்சிட்டாரு. இவன் வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழத்தாம உக்காந்தான். அன்னைக்கு உக்காந்தவன்தான். அதுக்குப் பொறவு தமிழ் வரி எங்க ஒடியணும், எங்க ஒடியக்கூடாது, அடிக்குறிப்பு எங்க விழணும், அகரவரிசை எப்படிப் போகணும்னு வருஷக்கணக்கா அதே தியானம்.

எழுதி முடிச்சுச் சும்மா தூக்கிக் குடுத்துட்டான். யாரு வேணும்னாலும் எடுத்துக்கோங்கன்னுட்டான். அவன் சுபாவம் அது. பள்ளிக்கூடத்துக்குக் குடை கொண்டுபோவான், தெப்பமா நனைஞ்சுக்கிட்டு வருவான். குடை எங்கலன்னு கேட்டா, "அவன்கிட்ட இல்லக்கா"ம்பான். எவன்னு கேட்டாத் தெரியாது. அப்படி ஒரு ஏமாளி. எனக்கு வயிறு எரியும். ஏல, கோயில் மணி அடிக்கிற ஆளுக்குக்கூட மாசமானா ஏதோ குடுக்காங்க, உனக்கு என்னலன்னு கேப்பேன். சிரிப்பான். துட்டுதான் வேண்டாம், பேராவது போடுலன்னு நான்தான் புடிச்சேன். விடமாட்டேன்னு புடிச்சேன். என் தொந்தரவு தாங்காமத்தான் அந்த வரியைப் போட்டான்.

எந்த வரியா? நீ பாத்ததில்லையா? ஓ, உன்னைப் பாக்க விட்டிருக்க மாட்டாங்க, வாரேன் அதுக்கும். வேலையை ஆரம்பிச்ச உடனே திரையில முதல் வரி வரும். "தமிழ்ப் பகுதி: ஜெயசிங், பாளையங்கோட்டை. பிழை கண்டால் எழுதுங்கள்." அதுக்கடுத்து அவன் மெயில் அட்ரஸ். லைசென்ஸ்லயும் எழுதிட்டான், எடுத்துக்கலாம், மாத்தலாம், ஆனா இந்த வரியை மட்டும் எடுக்கக்கூடாதுன்னு. அப்பதான் எனக்கு மனசு ஆறுச்சு. கனடாவுல ஒருத்தன் கம்ப்யூட்டரைத் தட்டினாலும் எங்க ஊரு பேரும் என் தம்பி பேரும் வந்து நிக்குமே.

இப்ப மெயிலுக்கு வாரேன்.

அவனை அடக்கம் பண்ணிட்டு வந்து, சொந்தக்காரங்க எல்லாம் போனபொறவு, கம்ப்யூட்டரை அணைக்கலாம்னுதான் போனேன். ஒரு மெயில் வந்து கிடந்துச்சு. யாழ்ப்பாணத்துக்காரரு, சிவபாதம்னு பேரு, ஏதோ பெரிய புஸ்தகம் அச்சுக்குக் கோத்துக்கிட்டு இருந்தாரு. "அன்பின் ஜெயசிங், சுகமா இருக்கிறீங்களோ"ன்னு ஆரம்பிச்சு, அடிக்குறிப்பு பக்கம் தாண்டி ஓடுது, என்ன செய்யன்னு கேட்டிருந்தாரு. பதில் போடணும்லா. ஜெயசிங் இறந்துட்டான்னு எழுதத்தான் உக்காந்தேன். சத்தியமா அதுக்குத்தான் உக்காந்தேன். ஜெயசிங்னு அடிச்சேன். அடுத்த வார்த்தை வரல பிள்ளே. கை வரல. அந்த மனுஷன் சுகமான்னு கேட்டிருக்காரு. "சுகம். வெளியூர் வந்திருக்கேன், போயி பாத்துட்டு எழுதுதேன்"னு போட்டுட்டேன். அவன் பேர்லயே போட்டுட்டேன்.

போட்டாப் பதில் தேடணுமே. தளவாய்க்கு போன் போட்டேன். தளவாய் யாருன்னு உனக்குத் தெரியும், நாகர்கோவில்காரன், உங்க குழுவுல தமிழ் வேலைக்கு அவன்தான் தலை. காலேஜ்ல இவன்கூடப் படிச்சவன், இந்த வீட்டுல எத்தனை நாள் தின்னுருக்கான். அடிக்குறிப்பு ஓடுதாம்ல, என்ன செய்யன்னு கேட்டேன். நீங்களாக்கா கேக்கீங்கன்னான். பொறவு சொன்னான், இன்ன இடத்துல இன்னதை மாத்தச் சொல்லுங்கக்கான்னு. எழுத்தெழுத்தாச் சொல்லச் சொல்லி அடிச்சு அனுப்பிட்டேன். சிவபாதம் ஐயாவுக்குச் சரியாயிட்டு. "நீங்கள் நீடூழி வாழ வேண்டும்"னு எழுதினாரு.

அதுக்கப்புறம் அதே வேலைதான். டொராண்டோ பேராசிரியை ஒருத்தி, கரூர்ல பி.எச்.டி. பண்ணுத பிள்ளை ஒண்ணு, நாளைக்கு சமர்ப்பிக்கணும் சார், அட்டவணை உடையுது சார்னு அழுதுக்கிட்டே எழுதும். மலேசியாவுல ஒரு வாத்தியாரு. எல்லாரும் ஜெயசிங், ஜெயசிங்னு எழுதுதாங்க. நான் தளவாயைக் கேட்டு, அவன் சொன்னதை அடிச்சு, கீழ "அன்புடன் ஜெயசிங்"னு போடுவேன். ரிட்டயர் ஆன பொம்பளை, எனக்கு வேற என்ன சோலி. காலையில ஜெபம் பண்ணிட்டு முதல் வேலையா கம்ப்யூட்டரைத் திறப்பேன். ரெண்டு மெயில் கிடந்தா அன்னைக்கு நல்ல நாளு.

தப்புன்னு சொல்லுத. தளவாயும் ஒருநாள் இழுத்தான், "அக்கா, எவ்வளவு நாளைக்கு"ன்னு. நீ சொல்லுததை மட்டும் சொல்லுலன்னேன். கிறிஸ்துமஸுக்கு சிவபாதம் ஐயா வாழ்த்து அனுப்பினாரு, நானும் அனுப்பினேன். யாருக்கு என்ன நட்டம்?

அப்பதான் அந்த லைசென்ஸ் மெயில் வந்துச்சு. இங்கிலீஷ்ல, ரெண்டு பக்கத்துக்கு. புது வெர்சன் வருது, அதுல என்னென்ன இருக்கும்னு ஒரு பாட்டு. செல்போன்ல ஓடும், அடிக்குறிப்பு அதுவே அடங்கும், எல்லாத்துக்கும் மேல, கண்ணு தெரியாதவங்களுக்குப் பக்கத்தை அதுவே வாசிச்சுக் காட்டும். வாசிச்சுக் காட்டுத துண்டு வேற ஆளுங்க எழுதினதாம், அதோட லைசென்ஸும் நம்ம பழைய லைசென்ஸும் ஒத்துப்போகாதாம். சம்பந்தி வீட்டுச் சண்டை மாதிரி. அதனால எல்லாத் துண்டையும் ஒரே லைசென்ஸுக்குக் கொண்டுவரணும். புது லைசென்ஸ்ல நிபந்தனை ஒண்ணும் கிடையாது. யாரும் எடுக்கலாம், விக்கலாம், முதல் வரியில பேரு போட்டாகணும்னு கட்டாயமில்ல. எழுதின ஒவ்வொருத்தரும் சம்மதம்னு பதில் போடணும்.

எனக்கு அந்தப் பேரு விஷயந்தான் கண்ணுல பட்டுச்சு. அதை எப்படி விடுவேன். தளவாயைக்கூடக் கேக்கல. "எனக்குச் சம்மதமில்லை. ஜெயசிங்"னு போட்டுட்டேன்.

மறுநாளே தளவாய் பஸ் ஏறி வந்துட்டான். நீ உக்காந்திருக்கியே, இதே இடம். "அக்கா, என்ன காரியம் பண்ணிட்டீங்க. அவன் இருந்தா முதல் ஆளாச் சரின்னு சொல்லியிருப்பான்"னான். இருந்தா கிருந்தான்னு எங்கிட்டப் பேசாதன்னேன். "சனிக்கிழமை ஆனா கண்ணு தெரியாத பிள்ளைங்க பள்ளிக்கூடத்துக்குப் போயி வாசிச்சுக் காட்டிட்டு வருவானேக்கா. அவன் போகாட்டாலும் பிள்ளைங்க வாசிக்கட்டும்னுதான் இந்த வேலையவே நாங்க ரெண்டு பேரும் பேச ஆரம்பிச்சோம்"னான். எங்கிட்ட அவன் அப்படியெல்லாம் சொன்னதில்ல. வாசிக்கப் போனான்னா அது அவன் இரக்க குணம். அதுக்காகப் பேரைத் தூக்கிக் குடுத்துருவானா?

தளவாய் சொன்னான், பேரு போகாதுக்கா, உள்ள ஒவ்வொரு பக்கத்துலயும் எழுதினவன் பேரு இருக்கத்தான் செய்யும், கட்டாயம்தான் இல்ல, நாங்க எடுப்போமான்னு. நல்லாப் பேசுதான். நான் இன்சூரன்ஸ்காரி, கட்டாயமில்லைன்னா என்ன அர்த்தம்னு எனக்கு வகுப்பு எடுக்க வேண்டாம்.

பொறவு பையிலருந்து ஒரு காகிதத்தை எடுத்தான். சரிக்கா, அவன் பேர்ல நீங்க போட்டது செல்லாது, அதை விட்டுருவோம், இதுல கையெழுத்துப் போடுங்கன்னான். "மறைந்த ஜெயசிங் அவர்களின் சட்டப்படியான வாரிசாகிய நான்." அதான் முதல் வரி.

நான் ஆபீஸ்ல இருந்தது கிளெய்ம் செக்சன். செத்தவங்க வீட்டுக்காரங்க வந்து நிப்பாங்க. எத்தனை பொம்பளைங்களுக்கு நான் கையைப் புடிச்சு இடம் காட்டியிருப்பேன். "இங்க போடும்மா, வாரிசுன்னு எழுதியிருக்குல்லா, அதுக்கு நேரா. அழாதம்மா, மை கலையும், சீக்கிரம் போடு, பின்னால ஆளு நிக்கி"ம்பேன். அது ஆபீஸ் வேலை. அது வேற, இது வேற. அவங்களுக்குத் துட்டு வரும், போட்டாங்க. எனக்கு என்ன வருது?

மாட்டேன்னுட்டேன். அவன் கெஞ்சுதான். நான் சொன்னேன், "ஏல தளவாய், பாலிடெக்னிக்ல போட்டேன். பேங்க்ல போட்டேன். ரேசன் கார்டுல அடிச்சாச்சு, வோட்டர் லிஸ்ட்ல எடுத்தாச்சு, கோயில் ரெஜிஸ்டர்ல எழுதியாச்சு. எல்லா இடத்துலயும் என் கையாலதான் அவனைக் கொன்னேன். ஒரு இடத்துல இருந்துட்டுப் போகட்டும்ல. ஒரே ஒரு இடத்துல. உனக்கு என்ன கொள்ளை." அவன் தலையைக் குனிஞ்சிக்கிட்டு அழுதான். ஆம்பளைப் பிள்ளை அழுதாப் பாக்க சகிக்காது. நான் அடுப்படிக்குப் போயிட்டேன்.

போகும்போது அவன்கிட்ட ஒண்ணு வாங்கிக்கிட்டேன். ஜெயசிங் இறந்தது உங்க குழுவுல எவருக்கும் சொல்லக்கூடாதுன்னு சத்தியம். சத்தியம் பண்ணக்கூடாதுன்னு வேதத்துல இருக்கு, தெரியும். ஆனாலும் வாங்கினேன். அவனும் குடுத்தான். அப்படியே காப்பாத்துதான், இல்லைன்னா நீ இன்னைக்கு வாசல்ல வந்து ஜெயசிங் சார் இருக்காங்களான்னு கேட்டிருக்க மாட்டியே. ஆனா அதோட இந்தப் பக்கம் வரல பாத்துக்கோ. போன் போட்டா எடுக்கதில்ல, சந்தேகம் கேட்டு எழுதினா மட்டும் ரெண்டு வரியில பதில் வரும். இத்தனை வருஷம் என் கையால சாப்பிட்டவன். நன்றி கெட்ட உலகம்.

சம்மதமில்லாத துண்டை எடுத்துட்டுப் புதுசா எழுதணும்னு முடிவாச்சு. அதுலயும் ஒரு சட்டம். எழுதுதவங்க பழசைக் கண்ணால பாத்திருக்கக் கூடாது. பாத்தா அதுல உள்ளது இதுல வந்துரும், வழக்காயிரும். அப்படின்னா தளவாய் எழுதமுடியாது, அவனோட சேந்து வேலைபாத்த ஒருத்தரும் எழுதமுடியாது. என் தம்பியைத் தெரிஞ்சவன் எவனும் ஆகாது, தெரியாத ஆளாப் பாத்து எடுத்தாங்க. உன்னை எடுத்தாங்க. பழைய கோப்பைத் திறக்கக்கூடாதுன்னு உன்கிட்ட எழுதி வாங்கினாங்களா? வாங்கியிருப்பாங்க. நீ என்ன பண்ணுவ, பாவம்.

எவ்வளவு நாளாச்சு உனக்கு? ஒரு வருஷம்னா சும்மாவா. அவன் பட்ட பாடு எல்லாம் முதல்லருந்து பட்டிருப்ப. கொம்பு பிரியிறதுலருந்தா? ஐயோ பிள்ளே. அதை அவன் எப்பவோ சரிபண்ணி வச்சானே.

இப்ப வெர்சன் வந்துட்டு. தளவாய் அனுப்பல, நானே பக்கத்து வீட்டுப் பையனை விட்டுப் போடச் சொன்னேன். ஓட்டினேன். முதல் வரியைக் காணோம். பாத்தியா, நான் என்ன சொன்னேன்? பேரைத்தான் எடுப்பானுவன்னு சொன்னேன்லா. அப்படியே நடந்துச்சா இல்லியா?

என்ன? சம்மதிச்சிருந்தா பேரு இருந்திருக்குமா? நீயும் தளவாய் மாதிரியே பேசுத. சம்மதிச்சிருந்தா அன்னைக்கே எடுத்திருப்பானுவ. நான் புடிச்சதால ஒரு வருஷமாவது இருந்துச்சு. அப்படித்தான். நீ தலையை ஆட்டாத, அப்படித்தான்.

சரி, அதுகூடப் போகட்டும். பேரு போனதோட மெயிலும் நின்னுட்டு பிள்ளே. அதை நான் யோசிக்கல. முதல்ல ஒண்ணு ரெண்டு வந்துச்சு, பழசை வச்சிருக்கவங்க. பொறவு அவங்களும் புதுசுக்குப் போயிட்டாங்க. சிவபாதம் ஐயா கடைசியா எழுதினாரு, "புதியதில் எல்லாம் சரியாக இருக்கிறது, இனி உங்களைக் கரைச்சல்படுத்த மாட்டேன்"னு. நல்ல மனுஷன், நல்லதுன்னு நெனச்சுத்தான் எழுதியிருக்காரு. எனக்கு அன்னைக்குப் பூரா சோறு இறங்கல. தம்பியைப் பெட்டியில வச்சு மூடினப்பகூட நான் அப்படி அழல. அன்னைக்கு ஆளுங்க இருந்தாங்க, அடக்கிக்கிட்டேன். இன்னைக்கு யாரு இருக்கா, அடக்கதுக்கு.

காலையில கம்ப்யூட்டரைத் திறக்கேன். ஒண்ணும் இருக்காது. மூடுதேன். சாயங்காலம் திறக்கேன்.

இல்ல, ஒண்ணும் இல்லைன்னு சொல்லக்கூடாது. உங்க குழுவுல பேசிக்கிடுததெல்லாம் அவன் அட்ரஸுக்கும் வருதுலா. அதைப் படிக்கேன். ஒருத்தர் பிடிவாதத்தால எல்லாருக்கும் ஒரு வருஷம் போச்சுன்னு ஒருத்தன் எழுதியிருந்தான். கண்ணு தெரியாத பிள்ளைங்களைவிடத் தன் பேரு பெருசாப் போச்சா அந்த ஆளுக்குன்னு ஒருத்தி. தன்னலம் புடிச்சவன், ஊருக்குக் குடுத்ததைத் திருப்பிப் புடுங்கினவன். இப்படி. நீயும் படிச்சிருப்ப. நீயும் நெனச்சிருப்ப. அதைக் கேக்கத்தான வந்த? ஏன் சார் மறுத்தீங்கன்னு கேக்கத்தான பெருந்துறையிலருந்து வந்திருக்க?

கண்ணைத் துடை. எனக்கு நீ என்ன சொல்லப்போறன்னு தெரியுது. சரி, சொல்லிரு.

ம்.

ம். அவர் மறுக்கலன்னு எல்லாருக்கும் எழுதுதேன்னு சொல்லுத. அவர் முன்னாலயே இறந்துட்டாரு, குடுக்கிற மனசுக்காரரு, இது தெரியாம நடந்துபோச்சுன்னு உங்க குழுவுக்கு ரெண்டு வரி எழுதுதேன்னு சொல்லுத. எழுதினா எல்லாரும் வருத்தப்படுவாங்க, அவரைத் தப்பா நெனச்சிட்டோம்னு மன்னிப்புக் கேப்பாங்க, கையேட்டுல முதல் பக்கத்துல ஜெயசிங் நினைவாகன்னு போடுவாங்க. உன் வேலையோட முகப்புல அவன் பேரைப் போட உனக்கு மனசு இருக்கு. நீ நல்ல பிள்ளை நித்திலா. உன்னைப் பெத்தவ குடுத்துவச்சவ. நான் ஏசினதையெல்லாம் திருப்பி எடுத்துக்கிடுதேன்.

ஆனா வேண்டாம்.

அழாத. நான் யோசிக்காம சொல்லல. நீ சொல்லுதது எனக்குப் புரியாம இல்ல. அவனை நான் வளத்தவ, அவன் எப்படிப்பட்டவன்னு எனக்குத் தெரியாதா. குடை இல்லாதவனுக்குக் குடையைக் குடுத்துட்டு நனைஞ்சு வந்தவனை, தன்னலம் புடிச்சவன்னு எவளோ எழுதுதா. படிக்கும்போது நெஞ்சு பத்திக்கிட்டுத்தான் எரியுது. பதில் எழுத உக்காருவேன். எழுதமாட்டேன்.

இருக்கட்டும் பிள்ளே. மறுத்தவன்னே இருக்கட்டும். ஏசட்டும். நீ அந்த ரெண்டு வரியை எழுதினன்னு வையி, அன்னைக்கோட அவங்க வாயடைச்சுப் போவும். ஐயோ பாவம்னு ஒருநாள் சொல்லுவாங்க, அதோட அவனை விட்டுருவாங்க. செத்தவனை யாரு ஏசுவா? உசுரோட இருக்கவனைத்தான் ஏசுவாங்க.

நேரமாச்சு, உனக்கு பஸ் இருக்கு. கிளம்பு. தளவாயைப் பாத்தா நான் கேட்டேன்னு சொல்லு. அப்புறம் பிள்ளே, உனக்கும் என் மேல, அவன் மேல, ஒரு வருஷம் போச்சேன்னு கோவம் இருக்கும்லா. இருக்கும், இல்லாம இருக்காது. ஊருக்குப் போயி ஒரு மெயில் போடு. அட்ரஸ் அதேதான். நல்லா நாலு வார்த்தை ஏசியே எழுது. பதில் போடுவான்.